சைக்கிளுக்கு லைசென்ஸ்: யாரைத் தடுத்து நிறுத்த?

சைக்கிள் ஓட்டுகிறவர்களும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. சாலை எல்லோருக்கும் பொது, அப்படியானால் விதியும் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா? செட்டிநாட்டிலிருந்து இந்தக் கேள்வியைப் பார்க்கும்போது, முதலில் அதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியில் யார் வண்டி ஏறலாம், யார் ஏறக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு சொன்ன காலம் ஒன்று உண்டு. அதற்கு எழுத்துப்பூர்வமான சான்றும் இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், 1946-இல் வெளிவந்த 'காஸ்ட் இன் இந்தியா' நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

1930 டிசம்பரில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். இன்றைய சிவகங்கை மாவட்டம் முழுவதும் அப்போது ராமநாதபுரத்துக்குள்தான் இருந்தது. பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டையோ பனியனோ போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் உடைமையும் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன.

1931 ஜூனில் பதினொரு தடைகள் வந்தன. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது என்பது இன்னொன்று. பல்லக்குக்குப் பதிலாக வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும், எந்தத் தேவைக்காகவும் எந்த வண்டியையும் பயன்படுத்தக் கூடாது என்றும் விதித்தார்கள்.

கடைசியாகச் சொன்ன தடையை மறுபடி படியுங்கள் தோழர்களே. எந்தத் தேவைக்காகவும், எந்த வண்டியும். பர்மாத் தேக்கில் மாளிகைகள் நின்ற அதே வட்டாரத்தில்தான் நம் பாட்டன்மாருக்கு இந்த விதி. படிப்பையும் வண்டியையும் ஒரே பட்டியலில் சேர்த்துத் தடுத்தவர்களுக்குத் தாங்கள் எதைத் தடுக்கிறோம் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. வண்டி ஏறியவன் வேறு ஊர் போவான், வேறு கூலி கேட்பான், திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவான்.

சைக்கிள் சேரிக்கு வந்தபோதும் இந்தக் கட்டுப்பாடு விடவில்லை. தமிழ்நாட்டின் பல ஊர்களில், ஊர்த்தெரு வந்ததும் தலித்துகள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள், அரசாங்கம் போட்ட தெரு. ஆனாலும் ஏறி உட்கார அனுமதி இல்லை.

அரசாங்கமும் ஒரு காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வைத்திருந்தது என்பது இன்றைய மாணவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் சைக்கிளையும் வரி விதிக்கக்கூடிய வண்டிகளில் சேர்த்தது. ஆண்டுதோறும் நகராட்சியில் பணம் கட்டித் தகட்டு வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாவிட்டால் அபராதம். இரவில் விளக்கு இல்லையென்றாலும் 'டபுள்ஸ்' போனாலும் போலீஸ் பிடிக்கும், டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்பும். அந்த வில்லை ஓட்டத் தெரியுமா என்று யாரையும் சோதிக்கவில்லை. லாரி மோதிச் செத்தவன் குடும்பத்துக்கு ஒரு காசு வாங்கித் தரவும் இல்லை. ஏழையிடம் வசூலிக்கவும், அவனை வழியில் நிறுத்தவும் மட்டுமே அது பயன்பட்டது. பின்னால் அது வழக்கொழிந்து போனது, அதற்காக யாரும் வருந்தவில்லை.

சைக்கிளை ஏழைக்கு எட்ட வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மாவட்டமே சாட்சி. 1991-இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். 1992 மகளிர் நாளில் 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் அந்த இயக்கத்தில் ஓட்டப் பழகினார்கள். லைசென்ஸும் பிரீமியமும் கேட்டிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? 2001-02-இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் தரத் தொடங்கிய அரசு, பிறகு மற்ற மாணவர்களுக்கும் அதை விரிவாக்கியது. படிப்பையும் வண்டியையும் சேர்த்துத் தடுத்த 1931-க்கு இவை இரண்டும் நேர் எதிரான செயல்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதன் 3-ஆவது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. செருப்பு, புத்தாடை, கல்யாணக் குதிரை எல்லாமே அதே பிரிவில் வருகின்றன. 1930-31 தடைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியதைப் போல இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் வந்துவிட்டது, நிலைமை முழுதாக மாறவில்லை. 2025 பிப்ரவரியில் நம் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிய தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. சாதியைச் சொல்லித் திட்டி வெட்டினார்கள் என்பது புகார். அவர் ஓட்டிய வண்டிக்கு அரசு கேட்கும் அனுமதி ஒன்று. வெட்டியவர்கள் கேட்டது வேறு அனுமதி.

"அதெல்லாம் சரி, சைக்கிள்காரன் யார் மேலாவது மோதினால்?" என்று கேட்பார்கள். மோதலாம், காயமும் படலாம். ஆனால் கட்டாய இன்சூரன்ஸ் ஏன் வந்தது என்று பாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு, மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்கிறது. எடையும் வேகமும் உள்ள வண்டி பிறரைக் கொல்லக்கூடியது, அதனால்தான் அந்தப் பொறுப்பு. அந்தச் சட்டத்தின் பார்வையில் சைக்கிளில் போகிறவர் அந்த மூன்றாம் நபர், பாதுகாக்கப்பட வேண்டியவர். அவரிடமே பிரீமியம் கேட்பது சட்டத்தைத் தலைகீழாக்குவது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. கனடாவின் டொராண்டோ நகரம் 1935-இல் கொண்டுவந்த சைக்கிள் லைசென்ஸை 1957-இல் கைவிட்டது. சிறுவர்கள் தெரியாமலே சட்டத்தை மீறியவர்களாகிறார்கள், போலீசுக்கும் அவர்களுக்குமான உறவு கெடுகிறது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சுவிட்சர்லாந்து, இன்சூரன்ஸோடு சேர்ந்த கட்டாய சைக்கிள் வில்லையை 2012-இல் எடுத்துவிட்டது. அமெரிக்காவின் டாம்பா நகரில் சைக்கிள் விதிமீறலுக்கு அபராதச் சீட்டு வாங்கியவர்களில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பின மக்கள் என்று 2015-இல் அந்த ஊர்ப் பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். இங்கே காலையில் கொத்து வேலைக்குப் போகிறவரையும், துப்புரவுத் தொழிலாளியையும், கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வருகிற மாணவரையும் வழிமறித்து "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்க இன்னொரு காகிதம் வேண்டுமா?

சாலைப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாலையில் சாகிறவர்களில் நம் மக்களும் இருக்கிறார்கள். எனவே நாம் கேட்க வேண்டியது இவைதான். பள்ளியில் சைக்கிள் கொடுக்கும்போதே சாலை விதிப் பயிற்சியும் விளக்கும் பிரதிபலிப்பானும் சேர்த்துக் கொடுங்கள். காரைக்குடி இப்போது மாநகராட்சி. பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனி வழி விடுங்கள். மோதிவிட்டு நிற்காமல் போகும் வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள நிவாரணத்தைச் சேரிகளுக்குக் கொண்டு சேருங்கள்.

கடைசி வேலையை அரசு செய்யும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் அப்படி யாராவது இறந்திருந்தால், முதல் தகவல் அறிக்கையின் நகலோடு அந்தக் குடும்பத்தை வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் எந்த அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். எந்தத் தெருவிலாவது இன்றும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்றால், நாள், நேரம், சாட்சியோடு எழுதி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுங்கள். லைசென்ஸைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.