உகாண்டாவின் குஜராத்தி வணிகக் குடும்பங்கள்: பறிபோனதும் எஞ்சியதும்

உகாண்டாவில் வாழ்ந்த ஆசியர்கள் 90 நாட்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அதிபர் இடி அமீன் அறிவித்தார். கடைகளையும் ஆலைகளையும் கைவிட்டு வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்.

கடனும் உறவும்

குஜராத்துக்கும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் இடையே பருவக்காற்றை நம்பிய கப்பல் வணிகம் பல நூற்றாண்டுகள் பழமையானது. மொம்பாசாவிலிருந்து பிரிட்டிஷார் அமைத்த ரயில் பாதை 1901 இல் விக்டோரியா ஏரியை எட்டியபோது, இவ்வணிகம் உள்நாட்டுக்கும் பரவியது. கட்ச் பகுதியிலிருந்து சிறுவனாக சான்சிபார் வந்த அலிதினா விஸ்ராம், அப்பாதை நெடுகிலும் கடைகளைத் திறந்தார். லொஹானா சமூகத்தைச் சேர்ந்த நாஞ்சி காளிதாஸ் மேத்தா 1924 இல் லுகாசியிலும், முல்ஜிபாய் மாத்வானி 1930 இல் காகிராவிலும் சர்க்கரை ஆலைகளை நிறுவினர்.

இவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்கள் இருந்தனர். ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட உறவுக்கார இளைஞர் சில ஆண்டுகள் கடையில் உழைத்துக் கணக்கு எழுதப் பழகுவார். பின்னர் கடனாகப் பெற்ற சரக்குடன் வேறோர் ஊரில் தனிக்கடை வைப்பார். குடும்பத்தின் நற்பெயரே அக்கடனுக்குப் பிணை.

ஆனால், அந்த நம்பிக்கை பெரும்பாலும் சமூகத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. காலனி ஆட்சியில் பருத்தி அரைவை ஆலைகளும் மொத்த வணிகமும் பெருமளவு ஆசியர்கள் வசம் இருக்க, ஆப்பிரிக்கர்கள் பயிரிடுவோராகவே வைக்கப்பட்டனர். 1959 இல் புகாண்டா பிராந்தியத்தில் ஆப்பிரிக்கர் அல்லாதோரின் கடைகள் புறக்கணிக்கப்பட்டன. இந்த மனக்குறையையே இடி அமீன் பின்னர் பயன்படுத்திக்கொண்டார்.

வெளியேற்றமும் மீள்வருகையும்

பறிக்கப்பட்ட கடைகள் ராணுவத்தினருக்கும் ஆட்சிக்கு வேண்டியவர்களுக்கும் வழங்கப்பட்டன. கடனுக்குச் சரக்கு தந்தவர்களின் நம்பிக்கையை அவர்களுக்கு யாரும் வழங்க முடியவில்லை. வணிகம் முடங்கியது, சர்க்கரை உற்பத்தி சரிந்தது.

சுமார் 28,000 பேர் பிரிட்டனை அடைந்தனர். தங்கள் நகருக்கு வரவேண்டாம் என்று லெஸ்டர் நகர நிர்வாகம் உகாண்டா நாளிதழில் விளம்பரமே செய்திருந்தது. ஆயினும் அங்கே குடியேறிய பலர், குடும்ப உழைப்பையும் உறவினர் தந்த கடனையும் கொண்டு மீண்டும் கடை திறந்தனர்.

1980களில் மேத்தா, மாத்வானி குடும்பங்கள் உகாண்டா திரும்பி ஆலைகளைச் சீரமைத்தன. பறிமுதலான சொத்துக்களைத் திருப்பியளிக்கும் பணியை முசெவெனி அரசு விரைவுபடுத்தியது.

எனினும் பழைய கேள்வி தீரவில்லை. மபிரா வனத்தின் ஒரு பகுதியை மேத்தா குழும சர்க்கரை நிறுவனத்துக்கு வழங்கும் திட்டத்தை எதிர்த்து 2007 ஏப்ரலில் கம்பாலாவில் நடந்த ஆர்ப்பாட்டம், ஆசியர்கள் மீதான தாக்குதலாக மாறியது. இந்தியர் ஒருவர் கொல்லப்பட்டார்.

உறவினரின் நம்பிக்கையைக் கொண்டு இழந்த முதலை மீட்டுவிடலாம் என்பதை இக்குடும்பங்கள் நிரூபித்தன. அண்டை வீட்டாரின் நம்பிக்கையோ பரம்பரைச் சொத்தாக வருவதில்லை. அதை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத்தான் ஈட்ட வேண்டியிருக்கிறது.