ஹவானா நகரின் மண்தொட்டிகள்

தொட்டியிலே மண்ணிட்டுச் செடி வளர்ப்பதை ஓய்வுநேர இன்பமாகவே நாம் கருதி வந்துள்ளோம். வாயிலின் இருபுறமும் குரோட்டன் செடிகள், கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. அவ்வளவில் அது முடிந்துவிடும். ஆயின், நேயர்களே, ஒரு தலைநகரம் பசியை எதிர்த்து நின்ற வரலாற்றிலே இத்தொட்டிகளுக்கும் இடம் உண்டு. அந்நகரம் கியூபாவின் ஹவானா.

கியூபா என்றதும் கரும்பும் புகையிலையும் நம் நினைவுக்கு வரும். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் அத்தீவு தன் சீனியைச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பி, எண்ணெயையும் உழவு யந்திரங்களையும் இரசாயனப் பசளையையும் பெற்று வந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அங்கிருந்து கப்பல்கள் வருவது அருகிற்று. அமெரிக்காவின் வணிகத் தடையோ 1960களிலிருந்தே நீங்காதிருந்தது. டீசல் இன்றி உழவு யந்திரங்கள் நின்றன. எருதுகளைப் பழக்கி மீண்டும் ஏரிலே பூட்டினர். வயலில் விளைந்ததை நகருக்கு ஏற்றிவர லொறிகளுக்கும் எண்ணெய் இல்லை.

அரசு இக்காலத்தைச் 'சமாதான காலத்து விசேட காலப்பகுதி' என்று அழைத்தது. பெயர் எதுவாயினும் உடல் அறியாதா? 1991க்கும் 1993க்கும் இடையில் 50,000க்கு மேற்பட்டோர் நரம்பு நோயுற்றனர். பலருக்குப் பார்வை மங்கிற்று, பலருக்குக் கால்கள் மரத்தன. உணவிலே உயிர்ச்சத்துக் குறைந்தமை முக்கிய காரணமென மருத்துவர் கண்டனர். 1993இல் நாட்டு மக்கள் யாவருக்கும் உயிர்ச்சத்து மாத்திரை வழங்க நேர்ந்தது. கீரையும் மரக்கறியும் இனி நகருக்குள்ளேயே விளைய வேண்டும் என்ற நிலை அப்போது உறுதியாயிற்று.

மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் நீள்தொட்டிகள் கியூபாவில் முன்னரே இருந்தன. சரளைக்கல் நிரப்பி, இரசாயனக் கரைசலைப் பாய்ச்சுவது அம்முறை. கரைசல் கிடையாது போகவே, அத்தொட்டிகளில் மண்ணையும் எருவையும் நிரப்பினர். 1980களின் இறுதியில் இராணுவத் தோட்டங்களிலே சோதிக்கப்பட்ட இவ்வழி, நெருக்கடி வந்ததும் நகரெங்கும் பரவியது. 'ஓர்கனோபோனிக்கோ' என்பது அதன் பெயர்.

நகரின் வெற்று நிலங்கள் இடிபாடும் குப்பையும் நிறைந்தவை. அங்கே நேரே விதைத்தால் எதுவும் தேறாது. எனவே உடைந்த செங்கல், பழைய ஓடு, கொங்கிறீற்றுத் துண்டு, பலகை எனக் கிடைத்ததைக் கொண்டு முழங்காலுக்குத் தாழ்ந்த சுவரெழுப்பினர். அகலம் ஒரு மீற்றரை ஒட்டியது. இருபக்கமும் நின்று கையெட்டும் அளவு. உள்ளே மண்ணோடு மாட்டெருவும் இலைக்குப்பையும் மண்புழு எருவும் கலந்தனர். சீனி ஆலைகளிலே சாற்றை வடித்தபின் எஞ்சும் கசடும் மக்கி எருவாயிற்று. எரு உக்க உக்கத் தொட்டியின் மட்டம் தாழும்; ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் புதிதாக இட்டு நிரப்புதல் வேண்டும். இவ்வேலைக்கு ஓய்வில்லை. ஓரங்களிலே சோளமும் சூரியகாந்தியும் நாட்டிப் பூச்சிகளைத் தடுத்தனர். நம் வீட்டு முற்றத்து வேம்பையும் அங்கே பெருமளவில் நாட்டி, அதன் விதையிலிருந்து பூச்சி மருந்து செய்தனர் என்பது நமக்குச் சற்றுப் பெருமை தருவதே.

ஹவானாவின் கிழக்கே அலமார் என்னும் தொடர்மாடிக் குடியிருப்பில், 1997இல் ஒருசிலர் கூடித் தொடங்கிய தோட்டம் பின்னர் ஏறத்தாழப் 10 ஹெக்டேயராக விரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோருக்குத் தொழில் தந்தது. காலையிலே பறித்த சலாதுக்கீரை அன்றே வாயிலண்டையில் விலைப்பட்டது. அதற்கு லொறியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் சிலர், கியூபா முழுவதும் எருவினாலேயே உண்டு வாழ்ந்தது போலப் பேசுவதுண்டு. அது மிகை. நம் நாட்டில் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடுக்கப்பட்டு, நவெம்பரில் அத்தடை கைவிடப்பட்டதையும், அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்ததையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வேளையில் கியூபாவை உதாரணம் காட்டியோர், தொட்டிக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஹவானாவின் தொட்டிகள் கீரையையும் தக்காளியையும் வெங்காயத்தையும் தந்தன. சோற்றையும் பாணையும் தரவில்லை. அந்நகரத்தார் உண்ட பாணுக்கான கோதுமை அந்நாட்களிலும் கடல் கடந்தே வந்தது.