கல்லச்சிலிருந்து சின்னத்திரை வரை: அரபுத்தமிழின் கையெழுத்து

நோன்பு கால நிகழ்ச்சி ஒன்றைத் தொலைக்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த காரைக்குடி இளைஞர் சிலர், அதன் தொடக்கக் காட்சிக்குரிய தலைப்பெழுத்தை நம்மிடம் காட்ட வந்தனர். ‘பேணுதல்’ என்பது தலைப்பு. தமிழில் பெரிதாகவும், அதன்கீழ் அரபுத்தமிழில் சிறிதாகவும் அமைத்திருந்தனர். கையெழுத்துப் போலத் தோன்றும் அழகிய அரபி எழுத்துரு ஒன்றைக் கணினியில் தேர்ந்திருந்தனர். கண்ணுக்கு இனிதாகவே இருந்தது. ஆயினும் வாசித்தபோது ‘ஃபேனுதல்’ என்றே வந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? அரபியில் பகரமும் இல்லை, ணகரமும் இல்லை. நம் முன்னோர் ‘ஃபே’ எழுத்தின் கீழ் ஒரு புள்ளியிட்டுப் பகரத்தையும், ‘நூன்’ எழுத்தின் கீழ் ஒரு புள்ளியிட்டு ணகரத்தையும் ஆக்கிக்கொண்டனர். எகர, ஒகர ஒலிகளுக்குத் தனிக் குறிகளும் வகுத்தனர். இளைஞர்கள் தேர்ந்த எழுத்துருவில் அவ்விரு எழுத்துகளும் வரையப்படவில்லை. கணினி வெற்றுக் கட்டங்களைக் காட்டவே, இருப்பதைக் கொண்டு நிரப்பிவிட்டனர். பேணுதலைப் பற்றிய நிகழ்ச்சியில் எழுத்தே பேணப்படாது போயிற்று.

இச்சிக்கல் புதியதன்று. அரபி எழுத்து, சொல்லில் தான் நிற்கும் இடத்திற்கேற்ப நான்கு வடிவம் வரை கொள்ளும். முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளோடு பின்னிப் பிணையும். பாக்தாதின் அமைச்சராயிருந்த இப்னு முக்லா (மறைவு ஹிஜ்ரி 328, கி.பி. 940) கலத்தின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக்கி எழுத்துகளின் விகிதத்தை வகுத்தவர். அரசியல் பகையால் வலக்கை துண்டிக்கப்பட்டவரும் அவரே. இவ்வாறு கையின் அளவில் பிறந்த எழுத்தை ஈய அச்சுகளாகத் துண்டாடுவது எளிதாக இருக்கவில்லை. உஸ்மானியத் தலைநகரில் இப்ராஹீம் முத்தஃபர்ரிக்கா தம் முதல் அச்சு நூலை வெளியிட்டது 1729இல்தான். அவருக்குக் கிடைத்த அனுமதியும் சமய நூல்களுக்குப் பொருந்தவில்லை.

கல்லச்சு வந்தபின் நிலைமை மாறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியரான செனஃபெல்டர் கண்ட முறை அது. நெய்ப்பசையுள்ள மையால் எழுதியதைச் சுண்ணாம்புக் கல்லில் பதித்து, கல்லை நீரால் நனைத்து, பின் மை தடவினால், எழுதிய இடம் மட்டுமே மையைப் பற்றும். எழுத்து வார்ப்பதும் கோப்பதும் வேண்டா. எழுதியவரின் கையெழுத்து, புள்ளியும் ஸபரும் ஸேரும் பேஷும் சிதையாமல், அப்படியே தாளில் இறங்கும். நம் அரபுத்தமிழ்க் கிதாபுகளுள் மிகப் பல கல்லச்சில் வந்தமைக்கு இதுவே காரணம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் (1816–1898) ‘மகானி’ போன்ற நூல்கள் தமிழகத்து இல்லங்களில் ஓதப்பட்ட காலம் அது. பெண்டிர் பலர் தமிழ் நெடுங்கணக்கை அறியாதபோதும் இவ்வெழுத்தின் வழியே மார்க்கச் சட்டங்களைத் தமிழில் கற்றனர்.

கல்லச்சு மறைந்து ஈய அச்சு நிலைபெற்றபோது, அரபி அச்சுகள் கிடைத்தன. அரபுத்தமிழின் புள்ளிகள் கிடைப்பது அரிதாயிற்று. பள்ளிக்கல்வி பரவியதும், தமிழெழுத்திலேயே மார்க்க நூல்கள் பெருகியதும் அவ்வெழுத்து வழக்கொழிய முதன்மைக் காரணங்கள் என்பது உண்மையே. எனினும், அச்சுக்கூடத்தில் இல்லாத எழுத்து அடுத்த தலைமுறையின் கண்ணிலிருந்தும் மறையும் என்பதை மறுப்பதற்கில்லை.

உருது மொழியினர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தனர். பாகிஸ்தானின் மிர்ஸா அஹ்மத் ஜமீல், நஸ்தஃலீக் எழுத்தின் பல்லாயிரம் இணைப்பு வடிவங்களைத் தம் கையாலேயே எழுதினார். அவற்றைக் கொண்டு உருவான ‘நூரி நஸ்தஃலீக்’ 1981இல் ‘ஜங்க்’ நாளிதழை அச்சேற்றியது. மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து அச்சகம் வெளியிடும் திருமறைப் பிரதிகள் சிரியாவைச் சேர்ந்த உஸ்மான் தாஹாவின் கையெழுத்தைத் தாங்கியவை. பின்னர் அக்கையெழுத்தும் கணினி எழுத்துருவாயிற்று. கையை விலக்காமல் அதனை இயந்திரத்திற்குள் கொண்டுசென்ற முயற்சிகள் இவை.

இளைஞர்களிடம் இதனையே கூறினோம். முதிய உஸ்தாது ஒருவர், பழைய கிதாபு ஒன்றின் எழுத்தமைதியைப் பார்த்து, அகன்ற முனையுள்ள நாணற்கலத்தால் ‘பேணுதல்’ என எழுதித் தந்தார். மெல்லிய கோடுகள் திரையில் நடுங்கித் தோன்றும் என்று இளைஞர்கள் கூறியதால் கலத்தின் முனையை இன்னும் சற்று அகலமாக வெட்டினார். அதனைப் படமெடுத்துத் தொடக்கக் காட்சியில் சேர்த்தனர். கல்லச்சு செய்த பணியை ஒளிப்படம் செய்தது எனலாம்.

ஒரு தலைப்புக்கு இது போதும். ஒரு மரபுக்குப் போதாது. அவ்விரு எழுத்துகளுக்கும் ஒருங்குறியில் இடமுண்டு. எழுத்துரு வரைவோர் பலர் அவற்றை வரையாமல் விடுவதே குறை. இதனைக் களைய மூல வடிவங்கள் வேண்டும். அவை நம் இல்லப் பரண்களிலும் பள்ளிவாசல் அலமாரிகளிலும் செல்லரித்துக் கிடக்கின்றன. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா தனியொருவராகப் பழந்தமிழ் அச்சு நூல்களைத் திரட்டினார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பே 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. எழுத்தின் வடிவை வரைந்தறிந்த கை, எழுத்தின் அருமையையும் அறிந்திருந்தது.

எழுதுகோலைக் கொண்டு கற்பித்ததை முதல் இறைவெளிப்பாட்டிலேயே கேட்ட சமுதாயம் நாம். நம் பாட்டிமார் ஓதிய கிதாபுகளின் இரு புள்ளிகளைக் காப்பது நமக்குப் பெரும் சுமையாகாது.