நெகட்டிவ் இல்லாத படங்கள்

8 மி.மீ. படச்சுருளுக்குப் பெரும்பாலும் நெகட்டிவ் கிடையாது. சிறு அளவுச் சினிமாவைப் பற்றிப் பேசப் புகும் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இதுதான். 1923-இல் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. சுருளை வீட்டு உபயோகத்திற்கென்று கொண்டுவந்தபோது, 'ரிவர்சல்' என்னும் முறையையும் உடன் கொண்டுவந்தது. காமிராவுக்குள் ஒளி வாங்கிய அதே சுருள் ரசாயனக் குளியலில் முதலில் நெகட்டிவாகும். பிறகு அந்த நெகட்டிவ் பிம்பம் வெளுத்து அகற்றப்பட, எஞ்சிய வெள்ளி உப்பிலிருந்து பாசிட்டிவ் பிம்பம் எழும். இரண்டாவது சுருளுக்கான செலவு மிச்சம். நடுத்தர வர்க்கத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் தம் குழந்தையின் முதல் நடையைப் படம்பிடித்துச் சுவரில் காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 1932-இல் வந்த 8 மி.மீ., 1935-இல் வந்த கோடாக்ரோம், 1965-இல் வந்த சூப்பர் 8 எல்லாம் இந்தச் சிக்கனத்தின் வழியிலேயே நடந்தன.

சிக்கனத்திற்கு ஒரு விலை இருந்தது. சுவரில் ஓடுவது மூலமேயன்றி மூலத்தின் பிரதி அன்று. ஒவ்வொரு முறை ப்ரொஜக்டரில் ஏறும்போதும் அது ஒரு கீறலையோ, ஒரு தூசியையோ, கிழிந்த துளை ஒன்றையோ பெற்றுக்கொண்டு இறங்குகிறது. பெரிய ஸ்டுடியோவின் படத்திற்கு நூற்றுக்கணக்கில் பிரிண்டுகள் உண்டு. ஒன்று தேய்ந்தால் வேறொன்று. இங்கேயோ பார்ப்பதும் அழிப்பதும் ஒரே செயல். தமிழ் விமர்சனத்தில் கடந்த சில பத்தாண்டுகளாகப் 'பிரதி' என்ற சொல் வாசிப்புக்குரிய எழுத்தையே குறிக்கத் தொடங்கிவிட்டது. நாம் இங்கே அச்சொல்லை அதன் பழைய, எளிய பொருளிலேயே கையாள்கிறோம்: ஏட்டைப் பார்த்து எழுதிய இன்னோர் ஏடு.

படச்சுருளைப் படியெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. மூலச்சுருளையும் புதுச்சுருளையும் முகத்தோடு முகம் ஒட்டி ஒரு விளக்கின் முன்னால் ஓடவிட்டால் போதும். இதைக் கான்டாக்ட் பிரிண்டிங் என்பார்கள். ஆனால் இரண்டு சுருள்களும் ஒரே அளவினவாக இருக்க வேண்டும். துளைகள் துளைகளோடு பொருந்த வேண்டும். 8 மி.மீ. படத்தை 16 மி.மீ. சுருளில் ஏற்ற இந்த வழி உதவாது. மூலம் சுருங்கியிருந்தாலோ துளைகள் சிதைந்திருந்தாலோ ஒரே அளவில்கூட உதவாது. அப்போது இரண்டு சுருள்களையும் பிரித்து நிறுத்தி, நடுவே ஒரு லென்ஸை வைத்து, ஒன்றை மற்றொன்று படம்பிடிக்கச் செய்ய வேண்டும். ஆப்டிகல் பிரிண்டர் என்பது இவ்வளவுதான்.

ஹாலிவுட் இக்கருவியை வேறு காரணத்திற்காக வளர்த்தது. 'கிங் காங்' (1933), 'சிட்டிசன் கேன்' (1941) ஆகிய படங்களில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் லின்வுட் டன் ஆப்டிகல் பிரிண்டரைக் கொண்டு செய்த மாயங்கள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிரிவுகளுக்காக டன்னும் செசில் லவ்வும் வடிவமைத்த ஆக்மி-டன் பிரிண்டருக்கு அகாதெமி விருதும் கிடைத்தது. அது தனிமனிதர் நெருங்க முடியாத விலையும் எடையும் கொண்ட யந்திரம். சினிமா வரலாறுகள் பொதுவாக இத்துடன் நின்றுவிடுகின்றன. இயக்குநர்களின் பெயர்களுக்கு இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கருவி செய்தவர்களுக்கு நம் சினிமா எழுத்தில் கிடைப்பதில்லை. வீட்டின் பின்கட்டில் கருவி செய்தவர்களுக்கோ அதுவும் இல்லை.

பின்கட்டுக் கருவி எப்படி உருவாயிற்று என்பதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தேவை ஒரு பழைய ப்ரொஜக்டரும் ஒரு காமிராவும். காமிரா பெரும்பாலும் ஸ்விட்சர்லாந்தின் போலெக்ஸ் எச்-16. 1935-இலிருந்து விற்பனையில் இருந்த இந்தக் காமிராவின் விலாவில் ஒரு சிறு அச்சுமுனை உண்டு. அதை ஒரு முறை சுழற்றினால் ஒரே ஒரு சட்டகம் பதிவாகும். ப்ரொஜக்டரிலும் சுருளைத் துளையில் மாட்டி இழுக்கும் கொக்கியை இயக்கும் அச்சு, ஒரு சுற்றுக்கு ஒரு சட்டகம் நகர்த்தும். இந்த இரண்டு அச்சுகளையும் சங்கிலியாலோ பல்சக்கரங்களாலோ இணைத்துவிட்டால், அல்லது ஒரு சுற்று முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்சுகளைப் பொருத்திவிட்டால், ஒரு பொத்தானை அழுத்த இரண்டும் ஒரு சட்டகம் முன்னேறி நிற்கும்.

ப்ரொஜக்டரை அப்படியே பயன்படுத்த இயலாது. அதன் விளக்கு நூற்றுக்கணக்கான வாட் வெப்பம் உமிழ்வது; ஓடும் படம் அதைத் தாங்கும், நிற்கும் படம் உருகிவிடும். ஆகவே விளக்கை நீக்கிச் சிறு பல்பு ஒன்றை வைத்து, வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியும் ஒளியைப் பரப்பும் பால்கண்ணாடியும் பொருத்துவார்கள். ஒளி பரவலாக வந்தால் கீறல்களின் கூர்மையும் தணியும் என்பது கூடுதல் லாபம். ப்ரொஜக்டரின் ஷட்டரும் வேண்டாம். காமிராவின் ஷட்டரே போதும். லென்ஸுக்குப் புகைப்பட என்லார்ஜரின் லென்ஸை எடுத்துத் திருப்பிப் பொருத்துவது வழக்கம்.

8 மி.மீ. சட்டகத்தின் பரப்பு 16 மி.மீ. சட்டகத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அதாவது நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகப் பெருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸானால், படத்திலிருந்து லென்ஸ் சுமார் 75 மி.மீ. தொலைவிலும், லென்ஸிலிருந்து காமிராச் சுருள் சுமார் 150 மி.மீ. தொலைவிலும் நிற்க வேண்டும். இப்படிப் பெருக்கும்போது ஒளி ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகிறது. ஃபோகஸ் தலைமயிர் அளவு பிசகினாலும் படம் மங்கும். இதனால்தான் முழு அமைப்பும் அசையாத அடித்தளத்தில் இருந்தாக வேண்டும். லேத் பட்டறையில் கழித்துப்போட்ட லேத்தின் அடிப்படுகையைக்கூடச் சிலர் இதற்குப் பயன்படுத்தினார்கள். சாலையில் லாரி போனால் வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

வேலையின் பொறுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 அடி சூப்பர் 8 சுருளில் 3600 சட்டகங்கள். திரையில் அது 3 நிமிடம் 20 விநாடி. விநாடிக்கு ஒரு சட்டகம் என்று இடைவிடாமல் படியெடுத்தால் ஒரு மணி நேரம். வீட்டுக் கருவிகளில் பல அந்த வேகத்தையும் எட்டவில்லை.

இவ்வளவு செய்தும் பிரதி மூலமாகிவிடுவதில்லை. ரிவர்சல் படம் சுவரில் பளிச்சென்று தெரியவேண்டி அதிகக் கான்ட்ராஸ்டோடு தயாரிக்கப்பட்டது. அதைப் படியெடுக்கும்போது கறுப்பு மேலும் கறுக்கிறது, வெளுப்பு மேலும் வெளுக்கிறது. நடுவிலுள்ள சாயல்கள்தான் முதலில் இறக்கின்றன. மூலத்தின் துகள்களோடு புதுச்சுருளின் துகள்களும் சேர்கின்றன. பிரதியைப் பிரதியெடுத்தால் இது இரட்டிக்கும். ஏடு எழுதியவர்களின் கைப்பிழை அடுத்தடுத்த ஏடுகளில் பெருகியதைப் போன்றதுதான் இதுவும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: ஏட்டில் பிழை புகுவது கவனக்குறைவால், இங்கே எவ்வளவு கவனமாக இருந்தாலும் புகும்.

இதைக் குறையென்றே கொண்டு போராடியவர்களில் முதன்மையானவர் கெம்ப் நிவர். அவருடைய பிரச்சினை இன்னும் விசித்திரமானது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் 1912 வரை திரைப்படத்தை ஒரு தனி வகையாக ஏற்கவில்லை, புகைப்படத்தையே ஏற்றது. ஆகவே 1894-இலிருந்தே தயாரிப்பாளர்கள் தங்கள் படங்களை நீண்ட காகிதச் சுருள்களில் அச்சிட்டு, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் புகைப்படங்களாகப் பதிவு செய்தார்கள். நைட்ரேட் மூலங்கள் எரிந்தும் மக்கியும் போயின, காகிதம் நிலைத்தது. ஆனால் காகிதத்தை ப்ரொஜக்டரில் ஓட்ட முடியாது. அதன் வழியே ஒளி ஊடுருவாது. முன்னாலிருந்து ஒளி பாய்ச்சித்தான் படம்பிடிக்க வேண்டும். சுருள்கள் சுருங்கியிருந்தன, துளைகள் ஒழுங்கற்றிருந்தன. 1940-களில் கார்ல் லூயி கிரெகரி ஒரு பிரிண்டரை மாற்றியமைத்து முதல் முயற்சிகளைச் செய்தார். 1950-களில் நிவர் தமக்கென உருவாக்கிக்கொண்ட முறையால் சட்டகம் சட்டகமாக மூவாயிரத்திற்கு மேற்பட்ட படங்களை 16 மி.மீ. சுருளுக்கு மாற்றினார். 'ரெனோவாரே' என்ற அம்முறைக்காக 1954-ஆம் ஆண்டுக்கான சிறப்பு அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. கிரிஃபித்தின் தொடக்க காலப் படங்களில் பலவற்றை நாம் இன்று பேச முடிவதற்கு இந்தக் காகிதங்களும் ஒரு காரணம். 16 மி.மீ. பிரதிகளில் இழந்தவற்றைத் திரும்பப் பெற, பின்னாளில் அதே காகிதங்களிலிருந்து 35 மி.மீ. பிரதிகள் எடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிவரின் உழைப்பால் மீண்டவற்றுள் 1905-இல் பயோகிராஃப் நிறுவனம் எடுத்த 'டாம், டாம், த பைப்பர்ஸ் சன்' என்ற சிறுபடமும் ஒன்று. பத்து நிமிடம்கூட நீளாத அந்தப் படத்தைக் கென் ஜேகப்ஸ் ஒளிபுகும் திரையொன்றில் காட்டி, நிறுத்தியும் பின்னோட்டியும் மூலைகளை நெருங்கியும் மறுபக்கத்திலிருந்து படம்பிடித்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமாக்கினார். அதே பெயரில் 1969-இல் வெளிவந்து, 1971-இல் திருத்தம் பெற்ற அப்படத்தில் திருடப்பட்ட பன்றியின் கதை மறைந்து, கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பெண்ணொருத்தியின் கையும், துகள்களாகக் கலையும் முகமும் தெரிகின்றன. நிவர் ஒழிக்க முயன்றதை ஜேகப்ஸ் பார்க்கத் தொடங்கினார் எனலாம். 2007-இல் இது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

அதே ஆண்டுகளில் லண்டனில் நடந்தது இன்னும் தீவிரமானது. 1966-இல் தொடங்கிய லண்டன் படைப்பாளிகள் கூட்டுறவு அமைப்பில் மால்கம் லெகிரைஸ் ஓவியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். லேபுகளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. லேபுகளின் 'சரியான' அச்சில் அவருக்கு நாட்டமும் இல்லை. பழைய ப்ரொஜக்டரை மாற்றியமைத்துத் தாமே அச்சுக் கருவி செய்துகொண்டார். 'லிட்டில் டாக் ஃபார் ரோஜர்' (1967) அந்த மனநிலையில் பிறந்த படம். அதன் மூலம் அவருடைய தந்தை எடுத்த 9.5 மி.மீ. வீட்டுப்படத்தின் துண்டுகள்: தாயும், சிறுவனாக லெகிரைஸும், ஒரு நாயும். 1922-இல் பாத்தே நிறுவனம் கொண்டுவந்த 9.5 மி.மீ. சுருளில் துளை ஓரத்தில் இல்லை; சட்டகத்திற்கும் சட்டகத்திற்கும் நடுவே இருக்கும். ஒழுங்கான லேப் அந்தத் துளையை மறைத்திருக்கும். லெகிரைஸ் அதைத் திரைக்குக் கொண்டுவந்தார். சுருள் வழுக்குகிறது, நிற்கிறது, துளை கடக்கிறது, நாய் ஓடுகிறது. தந்தையின் காமிரா பார்த்ததோடு, அந்தச் சுருள் இருபது ஆண்டுகளாகப் பட்டதும் சேர்ந்தே தெரிகிறது. எமது பார்வையில் வீட்டுப்படம் ஒன்றுக்குக் கிடைத்த மிக நேர்மையான பிரதி இதுவே. 'பெர்லின் ஹார்ஸ்' (1970) படத்தில் வட ஜெர்மானியச் சிற்றூரில் எடுத்த 8 மி.மீ. குதிரை 16 மி.மீ. சுருளுக்கு மாறி, நிறங்கள் ஏறி, மீண்டும் மீண்டும் தன்மேலேயே படிகிறது. பிரையன் ஈனோவின் இசை அதற்குத் துணை. அப்படத்தின் புகழ் பெரிது. ஆயினும் நாயின் படத்திற்கே நாம் முதலிடம் தருவோம்.

1969-இல் கூட்டுறவுக்குக் கான்டாக்ட் பிரிண்டரும் ரசாயனக் கருவியும் வாய்த்தன. வீட்டுக் கருவியின் தேவை அங்கே குறைந்தது. அமெரிக்காவில் 1970-களில் யாக்கோ குர்ஹி தயாரித்த ஜே-கே ஆப்டிகல் பிரிண்டர், பின்கட்டுக் கருவியின் அதே எலும்புக்கூட்டை ஒழுங்குபடுத்தி, திரைப்படப் பள்ளிகள் வாங்கக்கூடிய விலையில் தந்தது. நியூயார்க்கில் பில் பிராண்ட் 1976-இல் தொடங்கிய பி.பி. ஆப்டிக்ஸ், கலைஞர்களின் சிறு அளவுப் படங்களைப் பெரிதாக்கிக் காப்பதையே தொழிலாகக் கொண்டது. டெரெக் ஜார்மனோ இவ்வளவு தொல்லைக்கும் போகாமல், சூப்பர் 8 படத்தை மெதுவாக ஓட்டிச் சுவரில் விழுந்ததைத் திரும்பப் படம்பிடித்தார். 'தி ஏஞ்சலிக் கான்வர்சேஷன்' (1985) படத்தின் விக்கிவிக்கி நகரும் கனவுத்தன்மை அப்படி வந்ததே.

கோடாக்ரோம் தயாரிப்பு 2009-இல் நின்றது. 2010-இன் இறுதியோடு அதைக் கழுவித்தர உலகில் லேபும் இல்லாமல் போயிற்று. பரணில் இருக்கும் சுருள்கள் இனி ஸ்கேனர்களுக்காகக் காத்திருக்கின்றன. வசதியுள்ளவர்கள் நிறுவனங்களிடம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் பழைய ப்ரொஜக்டரை வாங்கி, விளக்கை நீக்கி எல்.இ.டி.யைப் பொருத்தி, ஷட்டர் தகட்டைக் கழற்றி எறிந்து, திருப்பிவைத்த என்லார்ஜர் லென்ஸின் பின்னால் டிஜிட்டல் காமிராவை நிறுத்துகிறார்கள். அச்சு ஒரு சுற்று முடிக்கும்போது ஒரு சிறு சுவிட்ச் தட்டுகிறது. காமிரா ஒரு சட்டகத்தை எடுத்துக்கொள்கிறது. 9.5 மி.மீ. சுருள் என்றால் நடுத்துளையை மென்பொருள் தானாக வெட்டிவிடும். வேண்டுமானால் வெட்டாமலும் விடலாம்.