தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலில் மாட்டுப் பொங்கல்

தைத் திங்கள் பிறக்குங்கால் சோழவள நாட்டில் சம்பா நெல் களம் சேரத் தொடங்கும். முதல் நாட் பொங்கல் கதிரவனுக்கு உரியது. மறுநாட் பொங்கல் கழனியில் உழைத்த மாடுகளுக்கு உரியது. அம்மறுநாளில் தஞ்சை மாநகர மக்கள் குடும்பம் குடும்பமாகப் பெருவுடையார் திருக்கோயிலுக்குத் திரண்டு வருவர். மகா நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிகழ்ந்தபின், கத்தரி, பூசணி, முள்ளங்கி, வாழை, கரும்பு முதலிய காய்கனிகளோடு இனிப்புப் பண்டங்களையும் மாலையாகக் கோத்துச் சாத்துவர். அண்மை ஆண்டுகளில் இவற்றின் எடை ஆயிரம் கிலோவையும் கடந்துள்ளது. திருமுன்பு 108 பசுக்களுக்குக் கோபூஜை நடைபெறும். சாத்திய பொருள்கள் அனைத்தும் பின்னர் அன்பர்களுக்கே பிரசாதமாகும்.

இவ்வலங்காரம் மாமன்னன் இராசராசன் தொடங்கியது என்பாரும் உளர். அது பொருந்தாது. 12 அடி உயரமும் 19½ அடி நீளமும் உடைய இந்நந்தி நாயக்கர் காலத்தது. அதற்கு முந்திய சோழர் கால நந்தி தென்புறத் திருச்சுற்றில் உள்ளது என்று ஆய்வறிஞர் கருதுவர். நந்தி வளர்ந்துகொண்டே போனமையால் முதுகில் ஆணி அறைந்தனர் என்ற கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதை இனிதே, வரலாறு அன்று.

ஆயின், ஆனிரைக்கும் இக்கோயிலுக்கும் உள்ள உறவு இந்நந்தியினும் பழமை வாய்ந்தது. 1010-ஆம் ஆண்டில் இராசராசன் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் அளித்தான். அவன் காலத்துக் கல்வெட்டுகளைப் படித்தால், சந்நிதியில் எரிந்த திருவிளக்குகளின் நெய் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அன்றேல் 48 பசுக்கள், அன்றேல் 16 எருமைகள் என்பது கணக்கு. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். இறப்பன போக எஞ்சியவற்றின் ஈற்றால் தொகை குறையாது நிற்கும் ஆதலின், இத்தகைய அறக்கொடைக் கால்நடைகளைச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுகள் வழங்கும். எத்துணை நுட்பமான ஏற்பாடு! பொன்னையும் மணியையும் ஈந்த அரசனின் பெயர் நின்ற அக்கோயிலிலேயே, ஆனிரை மேய்த்த இடையரின் பெயரும், அவர்களுக்குப் பிணை நின்ற சுற்றத்தார் பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டன.

இன்று டெல்டா வயல்களில் ஏருக்குப் பதிலாக டிராக்டரும், களத்தில் மாடு மிதித்தலுக்குப் பதிலாக அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. உழவு மாடு கட்டிய கொட்டில்கள் பல வெறுமையாயின. வீட்டில் மாடில்லாத உழவர்க்கும் நகரத்தார்க்கும் மாட்டுப் பொங்கலன்று மஞ்சளும் குங்குமமும் இட ஒரு பசு கிட்டும் இடம் இத்திருமுற்றமே. 2022-இல் தொற்றுநோய் காரணமாக ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்களில் மக்கள் வழிபாடு தடுக்கப்பட்டபோது இவ்வாய்ப்பும் அவர்களுக்கு இல்லாது போயிற்று.

அலங்காரம் கண்டு மீளும் அன்பர்கள், அடுத்த முறை சற்றே நின்று, கல்லெழுத்தறிந்தார் ஒருவரை உடன்கொண்டு, அவ்விடையர் பெயர்களையும் தேடிப் படிப்பாராக.