கெட்டை வெளுத்த கதை

ஹொக்வார்ட்ஸ் வருவதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருடங்களுக்கு முன்னமே புத்தகங்களில் இன்னொரு மந்திரப் பள்ளிக்கூடம் இருந்தது. ரோக் எண்ட ஒரு தீவில. அங்கே படிக்கப் போன பெடியன் ஒரு கொல்லனின் மகன், ஆடு மேய்த்தவன், தலைக்கனம் பிடித்தவன். பெயர் கெட். அவனுடைய தோல் செம்பு கலந்த மண்ணிறம். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘ஏர்த்ஸீயின் மந்திரவாதி’ நாவலின் நாயகன் இவன்தான்.

நிறத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெண்டால் கெட்டின் கதை திரைக்குப் போனபோது முதலில் காணாமற் போனது அதுதான்.

ஏர்த்ஸீ முழுக்கக் கடலும் தீவுகளுமான உலகம். அங்கே பெரும்பாலான ஆக்கள் மண்ணிறம், செம்பு நிறம், கறுப்பு. கெட்டின் உயிர் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. வெள்ளைத்தோலும் மஞ்சள் தலைமயிரும் உள்ளவர்கள் கிழக்கே இருக்கிற கார்காட் நாட்டார். முதல் அத்தியாயத்தில் அவர்கள் வருவது கப்பலில், ஊர்களை எரித்துக் கொள்ளையடிக்க. சிறுவன் கெட் மூடுபனியை வரவழைத்து ஊரைக் காப்பாற்றுவது அவர்களிடமிருந்துதான்.

இது தற்செயலாக நடந்ததில்லை. லெ குவினின் தகப்பன் அல்பிரட் குரோபர் கலிபோர்னியப் பூர்வகுடிகளை ஆய்வு செய்த மானிடவியலாளர். தாய் தியடோரா குரோபர், யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த இஷி என்ற மனிதரின் வாழ்க்கையை 1961இல் புத்தகமாக எழுதியவர். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, அமெரிக்க வீரக் கதைகளில் யார் இல்லை எண்டு கண்ணில் பட்டிருக்காமல் இருக்குமோ? மிகுபுனைவு என்றால் ஏன் எல்லாரும் வெள்ளையாக, ஏதோ மத்தியகால ஐரோப்பாவில் பிறந்தவர்கள் மாதிரி இருக்க வேணும் என்பது அவருடைய கேள்வி. ஆனால் அதை அவர் கொடி பிடித்துக் கேட்கவில்லை. வெள்ளை வாசகர் முதலில் கெட்டோடு ஒட்டிவிடட்டும், நிறம் மெல்ல மெல்லத் தெரியவரட்டும் எண்டு வேணுமெண்டே விட்டதாகப் பின்னாளில் சொன்னார். வாசகருக்கு விளங்கும்போது அவர் ஏற்கெனவே ஒரு மண்ணிறத் தோலுக்குள்ளே இருப்பார். கெட்டிக்காரத்தனம்!

முதற் பதிப்புக்கு ரூத் ரொபின்ஸ் வரைந்த அட்டையில் கெட்டின் முகம் செம்மண் நிறத்தில்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பல பதிப்புகளின் அட்டைகளில் அவன் வெளுத்துப் போனான். அட்டை விசயத்தில் பதிப்பாளர்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டினார் லெ குவின். ஆகவே திரைப்படக்காரர்தான் இந்த வேலையைத் தொடக்கிவைத்தார்கள் எண்டு நாங்கள் சொல்ல மாட்டோம். அவர்கள் அதைப் பெரிசாகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

திரைக்குப் போகும் முயற்சி அதற்கு முன்னமும் நடந்தது. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய இயக்குநர் மைக்கல் பவலோடு சேர்ந்து லெ குவினே ஒரு திரைக்கதை எழுதினார். படமாகவில்லை. ஜப்பானிலிருந்து ஹயாவோ மியாசாகியும் கேட்டார். அசைவூட்டப் படம் என்றால் டிஸ்னி மாதிரியானது எண்டுதான் லெ குவின் அப்போது நினைத்திருந்தார், மியாசாகியின் பெயரும் தெரியாது. மாட்டேன் எண்டிட்டார். பிறகு ‘என் அயலவன் டொடொரோ’வைப் பார்த்து அவருடைய ரசிகையானது தனிக்கதை. அந்தப் படம் மட்டும் அப்போதே வந்திருந்தால் எண்டு நினைக்காத ஏர்த்ஸீ வாசகர் குறைவு.

கடைசியில் உரிமை போனது அமெரிக்காவுக்கு. 2004 டிசெம்பரில் ஸை-ஃபை தொலைக்காட்சியில் ‘ஏர்த்ஸீ’ என்ற குறுந்தொடர் இரண்டு பாகங்களாக ஒளிபரப்பானது. முதல் இரண்டு நாவல்களையும் ஒன்றாகப் பிசைந்த கதை. கெட்டாக நடித்தவர் ஷோன் அஷ்மோர் என்ற வெள்ளை இளைஞர். வெட்ச் பாத்திரமும் வெள்ளை நடிகருக்கே போனது. முக்கிய பாத்திரங்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தது கெட்டின் குரு ஒஜியன் வேடம், அதைச் செய்தவர் டானி குளோவர். ஹொலிவூட்டுக்கு இது பழகிப்போன ஒதுக்கீடு. வெள்ளை நாயகனுக்குப் புத்தி சொல்ல ஒரு கறுப்புப் பெரியவர். அவர் சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேணும்.

லெ குவின் பேசாமல் இருக்கவில்லை. ஸ்லேட் இணைய இதழில் ‘வெள்ளையடிக்கப்பட்ட ஏர்த்ஸீ’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ஒப்பந்தத்தில் அவர் ‘ஆலோசகர்’. ஆனால் அவரிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை. விசயம் தெரியவந்தபோது படப்பிடிப்பு தொடங்கியாச்சு. மிகுபுனைவில் தங்களுக்கும் இடமிருக்கிறது எண்டு முதன்முதலில் உணரவைத்தது ஏர்த்ஸீதான் எண்டு வெள்ளையரல்லாத வாசகர்கள் தனக்குச் சொன்னதையும் அதில் எழுதினார். எங்களுக்கு அந்த இடம் வாசிக்கக் கஷ்டமாக இருந்தது. சிவப்பழகுக் கிறீம் விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நிறத்தை மாற்றினால் என்ன, கதை அதேதானே எண்டு கேட்கிற ஆக்கள் உண்டு. கதையும் அது இல்லை என்பதுதான் சோகம். ஏர்த்ஸீயில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை அறிந்தவர் உங்களை ஆளலாம். ஆகவே உயிரைக் கொடுக்கத்தக்க நம்பிக்கை இருந்தால் மட்டுமே அதைச் சொல்லுவீர்கள். நாவலில் ஊருக்குத் தெரிந்த பெயர் ஸ்பரோஹோக், அதாவது வல்லூறு. கெட் என்பது ஒஜியன் கொடுத்த இரகசியப் பெயர். தொடரில் இதை அப்படியே தலைகீழாக்கினார்கள்! எல்லாரும் அவனைக் கெட் எண்டு கூப்பிடுகிறார்கள், இரகசியப் பெயர் ஸ்பரோஹோக். முழு உலகமே எந்த விதியின்மேல் கட்டப்பட்டதோ அந்த விதியைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் தோல் நிறத்தைப் பற்றி எங்கே யோசிக்கப் போகிறார்கள்.

தெனாருக்கு நடந்தது இதைவிட மோசம் எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். ‘அதுவானின் கல்லறைகள்’ நாவல் கெட்டினுடையதில்லை, அவளுடையது. சின்ன வயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு வந்து, பெயரைப் பறித்து, பெயரற்ற இருண்ட சக்திகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்பட்டவள். அவள் நம்பிக்கையோடு அந்தக் கொடுமைக்குள் வாழ்கிறாள், அதிகாரமும் செய்கிறாள். நிலக்கீழ்ச் சுரங்கத்துக்குள் கெட்டைப் பூட்டிவைத்துச் சாகடிக்க அவளால் முடியும். அவன் அவளுக்குத் திருப்பிக் கொடுப்பது அவளுடைய பெயரை. அவள் வெள்ளை, அவன் கறுப்பு. வாழ்நாளிலேயே அவள் பார்த்திராத முகம். அந்த இருட்டில் எதிரியின் முகத்தைக் கூர்ந்து பார்க்கிற பார்வை முழுதும், கெட் வெள்ளையாக வந்து நிற்கும்போது அர்த்தமிழந்து போகிறது. தொடர்க்காரர் தெனாரை ஒரு நல்ல பிள்ளையாக்கி, கனவுகளில் கெட்டைக் காட்டி, காதல் ஜோடியாகச் சேர்த்துவைத்தார்கள். நாவலில் அவன் அவளை விடுவித்துக் கூட்டிக்கொண்டு போகிறான், காதலியாக்கவில்லை. அவர்கள் சேர்வது ‘தெஹானு’வில், நடுத்தர வயதில், அவன் மந்திரம் எல்லாம் இழந்த பிறகு. அதற்கு வாசகர் 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஜப்பானியப் படம் 2006 யூலையில் வந்தது. இயக்கியது ஹயாவோ இல்லை, மகன் கோரோ மியாசாகி. பூங்கா வடிவமைப்பாளராக இருந்து, கிப்லி நூதனசாலையை நடத்தியவர், அதுவரை ஒரு படமும் எடுக்காதவர். தகப்பனுக்கே இதில் விருப்பமில்லை. தகப்பன் எடுப்பார் அல்லது மேற்பார்வையாவது செய்வார் எண்டு நம்பித்தான் லெ குவின் சம்மதித்திருந்தார்.

படம் தொடங்கும்போதே இளவரசன் அரென் தன் தகப்பனைக் கத்தியால் குத்துகிறான். நாவலில் அப்படி ஒன்றுமே இல்லை. ‘தொலைதூரக் கரை’யின் அரென் விசுவாசமான பெடியன், கெட்டைப் பின்தொடர்ந்து இறந்தவர்களின் நாடு வரைக்கும் போகிறவன். கோரோ இன்னொன்றும் செய்தார். முதல் நாவலில் கெட்டைத் துரத்துகிற நிழலை எடுத்து அரெனின் பின்னால் விட்டார். அந்த நிழல் கெட்டின் சொந்தத் தலைக்கனத்திலிருந்து பிறந்தது. அதை அவனிடமிருந்து எடுத்த பிறகு கெட் அமைதியான, தழும்புள்ள, புத்தி சொல்லுகிற பெரியவர் மட்டும். டானி குளோவருக்குக் கிடைத்த வேடத்தை இங்கே கெட்டே செய்கிறார்!

தெருவின் முகமும் மாறியது. நாவலில் அவள் சொந்த ஆக்களாலேயே நெருப்பில் தள்ளப்பட்ட குழந்தை. முகத்தின் ஒரு பக்கமும் ஒரு கையும் வெந்து போனவை, ஒரு கண் இல்லை. பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்புகிறார்கள், அந்தத் திருப்பல்தான் ‘தெஹானு’ நாவலே. படத்தில் அவளுக்கு ஒரு தழும்பு. தலைமயிர் விழுந்தால் மறைந்துவிடும், வடிவான பிள்ளை.

லெ குவின் இந்தப் படத்தோடு மென்மையாகவே நடந்துகொண்டார். இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்ற பொருளில் கோரோவிடம் நேரில் சொன்னார். பிறகு தன் இணையத்தளத்தில் விரிவாக எழுதியபோது, தோட்டமும் மிருகங்களும் வருகிற காட்சிகளைப் பாராட்டினார். தகப்பனைக் கொன்றதற்குக் காரணமே இல்லை என்றார். தீமையை ஒரு வில்லனுக்குள் அடைத்து, அவனைக் கொன்றால் எல்லாம் சரி எண்டு முடித்ததையும் ஏற்கவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசும்போது, தான் அதை அமெரிக்க, ஐரோப்பிய வாசகரை நோக்கி எழுதியதையும், ஜப்பானியக் கண்களுக்கு அந்த முகங்கள் வேறுமாதிரித் தெரியலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அந்த நிதானம் எங்களுக்குப் பிடித்தது. அமெரிக்கத் தொடருக்கு அந்தச் சலுகை இல்லை. அதை எடுத்தவர்களுக்கு அந்த நிறம் என்ன சொல்கிறது எண்டு தெரியாமல் இருந்திருக்க நியாயமில்லை. அவர்களைப் போன்றவர்களுக்காகத்தானே அது எழுதப்பட்டது!

கொசுறாக ஒன்று. ஸை-ஃபை தொலைக்காட்சியிடம் உரிமை இருந்தபடியால் கோரோவின் படம் 2010 வரை அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வரவில்லை. மோசமான ஒரு கெட் இன்னொரு கெட்டுக்கு வழி மறித்துக்கொண்டு நின்றான்.

கடைசிக் காலத்தில் லெ குவின் ஓவியர் சார்ள்ஸ் வெஸ்ஸோடு நாலு வருடம் கடிதத்திலும் மின்னஞ்சலிலும் வேலை செய்தார். ஏர்த்ஸீ நூல்கள் எல்லாம் ஒரே தொகுதியாக, படங்களோடு வருவதற்காக. வெஸ் வரைந்து அனுப்புவார், இவர் திருத்தம் சொல்லுவார். லெ குவின் 2018 ஜனவரியில் காலமானார். புத்தகம் அதே வருடம் ஒக்ரோபரில் வந்தது. அதில் கெட் மண்ணிறமாக இருக்கிறான்.