அன்னி பெசன்ட் இழந்த மகள்

கொஞ்சம் நீளமான பதிவு. தேநீரோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

நம் மலையில் அடி தாங்க முடியாத பெண்கள் பலர் புருஷன் வீட்டை விட்டு வெளியேறாமல் இருப்பதற்குக் காரணம் பயம்தான். "வீட்டை விட்டு வந்துவிட்டால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே" என்ற பயம். ஹட்டியிலும் இதே பேச்சு, எஸ்டேட் லைன் வீட்டிலும் இதே பேச்சு. பெரியவர்களும், "உன்னைத்தானே அடிக்கிறான், பிள்ளையிடம் பாசமாகத்தானே இருக்கிறான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் வக்கீல் இல்லை, வரலாறு நடத்தியவள். இந்த ஒரு வாக்கியம் எத்தனை பழையது, சட்டம் இதை எப்படிக் கைவிட்டது என்பதை எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன்.

அன்னி பெசன்ட் பாடம் நினைவிருக்கிறதா? தன்னாட்சி இயக்கம், 1916. மறு ஆண்டு ஜூன் மாதம் சென்னை அரசு அவரையும் அருண்டேலையும் வாடியாவையும் நம் ஊட்டியில்தான் காவலில் வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைவரானார். இவ்வளவையும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினீர்கள். அவர் ஒரு தாய் என்பதும், பெற்ற மகளை நீதிமன்றத்தில் பறிகொடுத்தவர் என்பதும் பாடப்புத்தகத்தில் இல்லை.

இங்கிலாந்தில் 1867-ல், இருபது வயதில், பிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மகன், ஒரு மகள். கணவர் கை நீட்டுபவர். 1873-ல் இருவரும் ஒப்பந்தம் எழுதிப் பிரிந்தார்கள். மகன் தகப்பனிடம், மகள் மேபல் தாயிடம் என்று ஏற்பாடு.

1877-ல் அன்னி, சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதற்காக வழக்கு நடந்தது. 1878-ல் பிராங்க் மகளைக் கேட்டு நீதிமன்றம் போனார். நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல், தாய் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், இப்படிப்பட்ட நூலை வெளியிட்டவர், அவரிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று தீர்ப்பளித்தார். காய்ச்சலில் இருந்து எழுந்த எட்டு வயதுகூட நிரம்பாத குழந்தையை, அது கதறக் கதறத் தூக்கிச் சென்றார்கள். அன்னி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

தாயின் கருத்துகளை அத்தனை நுணுக்கமாக எடைபோட்ட நீதிமன்றம், தகப்பனின் கையை எடைபோடவில்லை. அன்னி கணவரின் கொடுமையைச் சொல்லிச் சட்டத்தை நாடியபோது, 1873 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அந்த வழக்குச் செல்லாது என்றார்கள். அதே ஒப்பந்தத்தில் "மகள் தாயிடம்" என்றிருந்த பகுதியை மட்டும் ரத்து செய்தார்கள். ஒரே காகிதம் அவருக்குக் கேடயமானது, இவருக்கு வெறும் காகிதமானது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1878-ல்தான் இங்கிலாந்தில் இன்னொரு சட்டமும் வந்தது. மனைவியைக் கொடூரமாகத் தாக்கியதற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால், அவள் பிரிந்து வாழவும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அவளிடம் ஒப்படைக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பிரான்செஸ் பவர் காப் என்ற பெண்மணி எழுதிப் போராடியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாய் மீது விழும் அடிக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் தொடர்பு உண்டு என்று சட்டம் மெதுவாக ஒப்புக்கொள்ளத் தொடங்கிய காலம் அது.

இந்தியாவுக்கு 1890-ல் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் வந்தது. பிள்ளையைக் கேட்பவரின் குணநலனைப் பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த வயது என்றால் பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று அதன் 17-ஆம் பிரிவில் அன்றே இருந்தது. ஆனால் நடைமுறையில் தகப்பன் உரிமையே ஓங்கியிருந்தது. 1956-ல் வந்த இந்து இளவர் சட்டமும் "தகப்பன், அவருக்குப் பின் தாய்" என்றது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்பது மட்டும் ஆறுதல். அந்த "பின்" என்ற சொல்லை எதிர்த்துக் கோவையில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் போனார். "பின்" என்றால் தகப்பன் இறந்த பின் என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது.

இத்தனையிலும் "வன்முறை" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது வந்தது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில். 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக் கேட்டுப் போன பெண்ணிடம் பிள்ளையைத் தற்காலிகமாக ஒப்படைக்க நடுவர் உத்தரவிடலாம். தகப்பன் பிள்ளையை வந்து பார்ப்பது அதற்குத் தீங்கு என்று அவர் கருதினால், அந்தச் சந்திப்பை மறுக்கவே வேண்டும்.

2008-ல் உச்ச நீதிமன்றத்தில் நீல் ரதன் குண்டு வழக்கு வந்தது. வங்காளத்தில் ஒரு பெண் இறந்துபோனாள். அந்தச் சாவு தொடர்பாகக் கணவர் மீதே குற்ற வழக்கு. ஆனாலும் பெற்ற தகப்பன் என்பதால் பிள்ளையை அவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டன கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும். தாத்தா பாட்டி விடவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிறுவனிடமே பேசிப் பார்த்தார்கள். அவன் தகப்பனிடம் போக மறுத்தான். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது கேட்பவரின் குணநலனை ஆராயாமல் பிள்ளையைக் கொடுத்தது தவறு என்று சொல்லி, சிறுவனைத் தாத்தா பாட்டியிடமே விட்டார்கள். 1890-லேயே எழுதியிருந்த "குணநலன்" என்ற சொல்லுக்கு இந்த வழக்கில்தான் உயிர் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

புகார் சொன்னவுடன் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் ஆதாரம் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். பிள்ளையை அடிப்பது தாயாக இருந்தால், அங்கேயும் பிள்ளையின் நலன்தான் முதலில். ஆகவே மருத்துவமனைச் சீட்டு, காவல் நிலைய ரசீது, போனில் வந்த மிரட்டல் எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

தூரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு ஒரு செய்தி. அடிபட்ட ஊரிலேயே போய் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. 27-ஆம் பிரிவின்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் தாய்வீட்டுப் பகுதி நடுவர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். இலவச சட்ட உதவி உண்டு. 181-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

மேபலும் அவள் அண்ணனும் வளர்ந்து பெரியவர்களானதும் தாங்களாகவே தாயிடம் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்த முகங்களைப் பார்த்தவள் சொல்கிறேன், இரவில் வீட்டில் நடந்தது காலையில் வகுப்பில் தெரியும். அம்மாவை அடிக்கும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு நல்ல அப்பா கிடையாது.

இனி உங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் யாராவது "உன்னைத்தானே அடிக்கிறான்" என்று தொடங்கினால், பெரியவர்கள் என்று பார்க்காமல் மரியாதையாகக் குறுக்கிடுங்கள். தேவைப்படும் பெண் கண்ணில் படும்படி இந்தப் பதிவைப் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்